நிறைந்துபோன முன்னணை

மூன்று வருடங்களுக்கு முன்பு தூத்துக்குடியில், எங்கள் வீட்டில், டிசம்பர் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இது ஆரம்பித்தது. இதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால் என்னை நல்ல தாய் என்று யாரும் சொல்லமாட்டார்கள், பரவாயில்லை.

நான் ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பிறந்தது இதே மாவட்டத்து நாசரேத் ஊர்ப் பக்கம். எங்கள் வீட்டில் திரும்பின பக்கமெல்லாம் வாத்தியார்கள்தான். சாப்பிட உட்கார்ந்தால்கூட யாராவது யாரையாவது திருத்திக்கொண்டே இருப்பார்கள். வாழ்க்கைப்பட்டது தூத்துக்குடியில், கடற்கரையை ஒட்டிய ஒரு தெருவில். என் கணவர் தோணித் தண்டல். தோணி என்றதும் சின்னப் படகு என்று நினைத்துவிட வேண்டாம். பழைய துறைமுகத்திலிருந்து வெங்காயம், காய்கறி, செங்கல், ஜல்லி என்று ஏற்றிக்கொண்டு மாலத்தீவு வரைக்கும் போய் வருகிற பெரிய மரக்கலம். அதை ஓட்டிப்போகிற தலைவருக்குத்தான் தண்டல் என்று பெயர். அவர் ஆர்.சி., நான் புராட்டஸ்டண்ட். அதற்காக இரண்டு வீட்டாரும் ஒரு வருடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். மகன் பிறந்ததும் இறக்கி வைத்துவிட்டார்கள்.

அந்த வருடம் செப்டம்பர் கடைசியில், சீசன் தொடங்கி முதல் நடையாகப் போன தோணி நடுக்கடலில் மூழ்கிவிட்டது. தோணியில் ஏழு பேர் இருந்தார்கள். ஆறு பேரை அந்த வழியாக வந்த ஒரு கப்பல் ஏற்றிக்கொண்டது. ஏழாவது ஆள் என் கணவர். ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு கூடவேதான் மிதந்துகொண்டிருந்தார், ஒரு பெரிய அலைக்குப் பிறகு பார்த்தால் காணோம் என்று திரும்பி வந்தவர்கள் சொன்னார்கள். பல நாள் தேடினார்கள். பிறகு தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

நிறுத்தியதைப் பிள்ளைகளிடம் நான் சொல்லவில்லை. முதல் வாரத்தில், "அப்பாவைத் தேடிக்கிட்டு இருக்காவ" என்று சொல்லியிருந்தேன். அந்த வாக்கியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. மகனுக்கு அப்போது பதிமூன்று வயது. அவனுக்கு எல்லாம் தெரியும். அவனிடம் போன் இருந்தது, நண்பர்கள் இருந்தார்கள். மகளுக்கு எட்டு வயது. அவளுக்கு நான் சொன்னதுதான் செய்தி.

நவம்பர் கடைசியில் என் நாத்தனார் வந்தார். என் கணவருக்கு அக்காள், தம்பியைத் தூக்கி வளர்த்தவர். வந்தவர் உட்காரக்கூட இல்லை. தம்பிக்காக இறந்தோர் பூசை வைக்க வேண்டும், கோயிலில் பேசிவிட்டு வந்திருக்கிறேன் என்றார். உடல் கிடைக்காமல் என்ன பூசை என்று நான் கேட்டேன். கேட்ட தொனி சரியில்லை. எனக்கே தெரிந்தது. அவர் கோபப்படவில்லை.

"ஏளா, கடல்ல போனவனுக்குக் கல்லறைகூடக் கெடையாது. ஒரு பூசையாவது வைக்க விடு" என்றார்.

நான் நோட்டுத் திருத்த உட்கார்ந்துவிட்டேன். போகும்போது வாசலில் நின்று, நட்சத்திரமாவது கட்டாமல் இரு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்றால், எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. துக்கம் நடந்த வீட்டில் அந்த வருடம் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டமாட்டார்கள். பலகாரமும் சுடமாட்டார்கள். பக்கத்து வீடுகளிலிருந்து கொண்டுவந்து கொடுப்பதைத்தான் சாப்பிடுவார்கள். டிசம்பரில் அந்தத் தெருவில் நடந்து போனால், எந்த வீட்டில் சாவு விழுந்தது என்று யாரையும் கேட்க வேண்டாம். நட்சத்திரம் இல்லாத வாசலே சொல்லிவிடும். சின்னப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். பெரியவர்களைக் கேட்காமலே, அந்த வாசலுக்கு முன்னால் பட்டாசு வெடிக்காமல் தள்ளிப் போவார்கள்.

மறுநாளே நான் கடைக்குப் போய், இருந்ததிலேயே பெரிய நட்சத்திரமாகப் பார்த்து வாங்கிவந்து கட்டினேன். நாற்காலியில் ஏறி நானே கட்டினேன். அந்தத் தெருவிலேயே முதல் நட்சத்திரம் அந்த வருடம் எங்கள் வீட்டில்தான் எரிந்தது. பிள்ளைகள் ஏங்கக் கூடாது என்பதற்காகக் கட்டினேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். அது பாதிப் பொய். என் புருஷன் சாகவில்லை என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்ல வேண்டியிருந்தது. வாயால் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் நட்சத்திரத்தை விட்டுச் சொன்னேன். அதை என் எட்டு வயது மகளும் பார்த்துப் புரிந்துகொள்வாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இனி அந்த முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அதற்கு முந்தைய கிறிஸ்துமஸ்களில் எல்லாமே என் கணவருடைய வேலை. குடில் கட்டுவது, கேக்குக்குச் சொல்லிவைப்பது, நட்சத்திரம் ஏற்றுவது, பிள்ளைகளோடு சேர்ந்துகொண்டு என்னைக் கேலி செய்வது எல்லாம். அதில் எதைத் தொட்டாலும் அவர் ஞாபகம் வரும். அதனால் புதிதாக ஒன்று தொடங்க வேண்டும் என்று நினைத்தேன். பள்ளி இடைவேளையில் போனில் தேடினேன். குழந்தைகளோடு அர்த்தமுள்ள கிறிஸ்துமஸ் வழக்கங்களைத் தொடங்குவது எப்படி என்று ஒரு கட்டுரை கிடைத்தது. படத்தில் சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஒரு குடும்பம் நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. நான் வியர்வையைத் துடைத்துக்கொண்டே படித்தேன்.

அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். குழந்தை இயேசுவைக் கிடத்திய தீவனத் தொட்டி மாதிரி, காலியான முன்னணை ஒன்றை வைக்க வேண்டும். பிள்ளைகள் ஒரு நல்ல காரியம் செய்தால் ஒரு சின்னப் பிடி வைக்கோல் அதில் போட வேண்டும். கிறிஸ்துமஸுக்குள் குழந்தை இயேசுவுக்கு மெத்தை தயாராகிவிடும். வாத்தியார் வீட்டுப் பெண்ணுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? என் வகுப்பில் ஏற்கெனவே நட்சத்திர சார்ட் உண்டு, நல்ல கையெழுத்துக்கு ஒட்டும் ஸ்டிக்கர் உண்டு. பிள்ளைகளை ஒரு வேலையில் மாட்டிவிட்டால் துக்கம் தானாகக் கரைந்துவிடும் என்று நான் உண்மையாகவே நம்பினேன்.

முன்னணை தேட வேண்டியதில்லை. அவர் தோணிப் பலகையில் செய்து வைத்திருந்த ஒரு முழ நீளப் பெட்டி பரணில் இருந்தது. மாமியார் காலத்துக் குழந்தை இயேசு சொரூபம் கொஞ்சம் பெரியது, அதற்கு ஏற்ற மாதிரி செய்தது. ஆத்தூரிலிருந்து வெற்றிலை கொண்டுவருகிற அண்ணாச்சியிடம் சொல்லி ஒரு சாக்கு வைக்கோல் வாங்கினேன். பிள்ளைகளை உட்கார வைத்து விளக்கினேன். மகன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மகள் கையைத் தூக்கி, நிறைந்தால் என்ன கிடைக்கும் என்று கேட்டாள். வகுப்பில் நான் பழக்கி வைத்த கேள்வி அது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"பெட்டி நெறஞ்சா, நீங்க மனசுல நெனச்சத இயேசப்பா தருவாரு. ஆனா வெளிய சொல்லக் கூடாது."

கட்டுரையில் அப்படி ஒன்றும் இல்லை. அது நானாகச் சேர்த்தது.

அடுத்த மூன்று வாரம் என் மகள் ஓயவே இல்லை. பக்கத்து வீட்டு அக்காளுக்குக் குடம் குடமாகத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். என் செருப்பைக் கழுவினாள். அண்ணன் தலையில் குட்டினால் திருப்பிக் குட்டாமல் ஓடிவந்து ஒரு பிடி வைக்கோல் போட்டாள். பள்ளிக்கூடத்தில் அவளுடைய டீச்சர் என்னைக் கூப்பிட்டு, உங்கள் பிள்ளை பத்து நாளாக மதியச் சாப்பாட்டை யாருக்காவது கொடுத்துவிடுகிறாள், தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றார். நான் பெருமைப்பட்டேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் பெருமைதான் பட்டேன். அன்றைக்கு அவளை மடியில் உட்கார வைத்து முத்தம் கொடுத்து, இதற்கு இரண்டு பிடி போட்டுக்கொள் என்றேன். மடியில் உட்கார்ந்தபோது எலும்பு குத்தியது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

ஆனால் பெட்டி மட்டும் நிறையவில்லை. அவள் போடுகிற வேகத்துக்கு இரண்டாவது வாரமே நிறைந்திருக்க வேண்டும். பாதிக்கு வரும், மறுநாள் பார்த்தால் கால்வாசிக்கு இறங்கியிருக்கும். எலி இழுத்துக்கொண்டு போகிறது என்று நினைத்து எலிப்பொறி வாங்கிவைத்தேன். எலி ஒன்றும் விழவில்லை. மகள் தினமும் காலையில் எழுந்ததும் பல் துலக்காமல் போய்ப் பெட்டியை எட்டிப் பார்ப்பாள். முகம் சுருங்கிவிடும். பிறகு யாருக்காவது ஏதாவது செய்யக் கிளம்பிவிடுவாள்.

இருபத்து நாலாம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்குச் சொரூபத்தை வைத்து ஜெபம் செய்வதாக ஏற்பாடு. ஐந்து மணிக்குப் பெட்டி அரைவாசிதான் இருந்தது. மகள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. அவளுக்காகப் பொறுக்கவில்லையா, நான் தொடங்கியது அரைகுறையாக நிற்கிறதே என்று பொறுக்கவில்லையா என்று இன்றைக்கும் தெரியவில்லை. சாக்கிலிருந்து இரண்டு கையாலும் அள்ளினேன். இது அம்மா இத்தனை நாள் செய்த நல்ல காரியம் என்று சொல்லி, விளிம்பு வரைக்கும் போட்டு அமுக்கினேன்.

மகள் எழுந்து நின்றாள். அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. அவ்வளவு சந்தோஷம். அந்த நேரம் பார்த்து மகன் கடைக்குப் போய்விட்டு உள்ளே வந்தான். பெட்டியைப் பார்த்தான். கையிலிருந்த பால் பாக்கெட்டைக் கீழே வைத்தான்.

"ஏம்மா நெறச்ச?" என்றான்.

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். அவன் ஒரு பிடிகூடப் போடவில்லை, தங்கைக்குக் கிடைக்கிற பாராட்டு அவனுக்குப் பிடிக்கவில்லை என்று. பண்டிகை நாளும் அதுவுமாக மூஞ்சியைத் தூக்காதே என்று ஒரு அதட்டு அதட்டினேன். ஜெபத்துக்கும் அவன் வரவில்லை. நானும் மகளும்தான் சொரூபத்தை வைத்தோம். அவள் வைக்கோலை நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

கிறிஸ்துமஸ் அன்று காலை ஆறு மணிப் பூசைக்குப் போய்விட்டு வந்தோம். கோயிலில் நாத்தனார் நாலு வரிசை முன்னால் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தார்; திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு பக்கத்து வீட்டு அக்காள் ஒரு தூக்குச்சட்டியோடு வாசலுக்கு வந்தார். துக்க வீட்டுக்குக் கொடுக்கிற மாதிரி கொடுப்பதா, பண்டிகை வீட்டோடு மாற்றிக்கொள்கிற மாதிரி கொடுப்பதா என்று அவருக்கே விளங்கவில்லை. நட்சத்திரத்தை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். வாழ்த்தும் சொல்லாமல் ஆறுதலும் சொல்லாமல் பாத்திரத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். அரை மணி நேரம் இருக்கும். சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டேன். மகளிடமிருந்து சத்தமே இல்லை. வீட்டிலும் இல்லை, மாடியிலும் இல்லை, பக்கத்து வீட்டிலும் இல்லை. படுக்கையறையில் என் கணவருடைய பீரோ திறந்து கிடந்தது. வாசலுக்கு ஓடினேன்.

மகன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். அவன் பதறவில்லை; அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. "பழைய ஹார்பருக்குத்தாம்மா போயிருப்பா. வா" என்றான்.

கிறிஸ்துமஸ் காலையில் எங்கள் பக்கத்தில் ஆட்டோ ஏது? பீச் ரோட்டில் ஓட்டமும் நடையுமாகப் போனோம். எதிரில் புதுத்துணி போட்ட பிள்ளைகள் பட்டாசோடு போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே ஏன் போனாள் என்று கேட்டேன். அவன் என்னைப் பார்க்காமல், நடந்துகொண்டே சொன்னான். முதல் நாளே தங்கை அவனிடம் ரகசியமாகச் சொல்லிவிட்டாளாம். பெட்டி நிறைந்தால் கிறிஸ்துமஸ் அன்றைக்கு அப்பா வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாளாம். அப்பா உயிரோடு இல்லாமலும் இருக்கலாம் என்று அவன் மெதுவாக ஆரம்பித்துப் பார்த்திருக்கிறான். நம் வீட்டில்தான் நட்சத்திரம் கட்டியிருக்கிறதே, செத்திருந்தால் அம்மா கட்டுவாளா என்று அவள் கேட்டிருக்கிறாள்.

அதனால் தினமும் தங்கை தூங்கின பிறகு பெட்டியிலிருந்து கொஞ்சம் வைக்கோலை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறான்.

"நெறயலன்னா, நெறயாததாலதான் வரலன்னு நெனச்சுக்கிடுவால்லா" என்றான். "அதுக்குத்தாம்மா எடுத்தேன்."

நான் நின்றுவிட்டேன். அவன் நிற்கவில்லை. பதிமூன்று வயதுப் பிள்ளை மூன்று வாரமாக ஒற்றை ஆளாக முட்டுக்கொடுத்து நிறுத்தி வைத்திருந்ததை நான் இரண்டு கையால் அள்ளிப்போட்டு ஒரே நிமிடத்தில் கவிழ்த்துவிட்டேன். அதோடு அவனை அதட்டவும் செய்திருந்தேன்.

பழைய துறைமுக வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி, காவலாளியின் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். புது கவுன், தலையில் பூ, மடியில் ஒரு துணிப்பை. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், கட்டிக் கிடந்த தோணிகளின் பாய்மரங்கள் தெரிந்தன. அவற்றின் மேலேயும் யாரோ நட்சத்திரம் கட்டியிருந்தார்கள். காவலாளி வயதான மனிதர். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து தணிந்த குரலில் சொன்னார்.

"அப்பா வாராவன்னு சொல்லுதா. போன்னு சொல்ல மனசு வரல. அதான் அங்கன உக்கார வச்சேன்."

அவருக்கு என் கணவரைத் தெரிந்திருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் மகளுக்கு முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். பையில் என்ன என்று கேட்டேன். திறந்து காட்டினாள். என் கணவர் வீட்டில் கட்டுகிற சாரம், கோடு போட்ட சட்டை, ஒரு துண்டு. மூன்றையும் அழகாக மடித்து வைத்திருந்தாள்.

"அப்பா நனைஞ்சுல்லா வருவாவ. மாத்திக்க வேண்டாமா?" என்றாள்.

அவளுக்குக் கணக்கு சரியாக இருந்தது. அப்பா தண்ணீரில் விழுந்தார், அதனால் நனைந்துதான் வருவார். நான் அவளிடம் சொல்ல வேண்டிய ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. மூன்று மாதமாகச் சொல்லாத வாக்கியம். வாயைத் திறந்தேன். கடவுளே, வரவில்லை. பையின் வாயை மூடி அவள் மடியிலேயே வைத்தேன்.

பத்து மணி வரைக்கும் அப்படியே இருந்தோம். வெயில் ஏறிவிட்டது. ஒரு தோணியிலிருந்து இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். அவள் எழுந்து நின்று பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. தப்பான கணக்கு போட்ட பிள்ளை டீச்சரிடம் வந்து நிற்கிற மாதிரி இருந்தது.

"நான் செஞ்சது பத்தாதாம்மா?"

இந்தக் கேள்விக்குப் பிறகும் நான் பேசவில்லை. பேசியது என் மகன்தான். அவள் முன்னால் வந்து நின்று, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னான்.

"நீ செஞ்சது பத்தும். நான்தான் வைக்கோல திருடுனேன். தெனமும் எடுத்தேன். அதான் அப்பா வரல."

அவள் அவனை அப்படியே பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் அவன் வயிற்றில் குத்தினாள். அவன் தடுக்கவில்லை. பைத்தியம் பிடித்த மாதிரி குத்திக்கொண்டே இருந்தாள். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அவன் திருடவில்லை, உனக்காக எடுத்தான் என்று. வைக்கோலுக்கும் அப்பாவுக்கும் சம்பந்தம் இல்லை என்று. நட்சத்திரம் பொய், நான் சொன்னது பொய், அப்பா இறந்துவிட்டார் என்று. நான் சொல்லவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடத்தில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அவளுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது, நான் அந்த வார்த்தையைச் சொல்லாமல் தப்பித்தேன் என்று. அம்மா செய்ய வேண்டியதைப் பிள்ளை செய்தான். அதை நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் நட்சத்திரத்தை இறக்கினேன். நாத்தனார் வீட்டுக்குப் போய்ப் பூசைக்குச் சம்மதம் என்று சொன்னேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அடுத்த வாரம், பூசைக்கு முந்தின நாள் மகளை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா இறந்ததை, நான் மறைத்ததை, அண்ணன் ஏன் எடுத்தான் என்பதை. அவள் கேட்டுக்கொண்டாள். ஆனால் ஒரு வாரம் பிந்திச் சொல்கிற உண்மை எந்த மனசில் ஒட்டும்? அண்ணன் எடுக்காமல் இருந்திருந்தால் அப்பா வந்திருப்பார் என்பது அவளுக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துவிட்டது. ஏறக்குறைய ஒரு வருடம் அவனோடு அவள் பேசவில்லை. அவனும் அதைப் பற்றி என்னிடம் ஒருநாளும் குறை சொல்லவில்லை. பெரிய விடுமுறையில் தலையணை உறைகளைத் துவைக்க எடுத்தபோது, அவனுடைய உறைக்குள்ளிருந்து வைக்கோல் கொட்டியது. இத்தனை மாதமும் அதன் மேல்தான் தலை வைத்துத் தூங்கியிருக்கிறான்.

அடுத்த வருடம் நட்சத்திரம் கட்டவில்லை, குடிலும் இல்லை. பலகாரம் அக்கம்பக்கத்திலிருந்து வந்தது. இந்தத் தடவை யாருக்கும் குழப்பம் இல்லை.

போன கிறிஸ்துமஸுக்கு மகன் பரணில் ஏறி அந்தப் பெட்டியை இறக்கினான். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், பிறகு பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டேன். வைக்கோல் வாங்கவில்லை. சாயங்காலம் சொரூபத்தை வைக்கப் போனபோது மகள் உள்ளே போய் ஒரு துண்டைக் கொண்டுவந்தாள். அன்றைக்குத் துறைமுகத்துக்கு எடுத்துக்கொண்டு போன அதே துண்டு. நான்காக மடித்துப் பெட்டிக்குள் விரித்தாள். ஒரு மூலை மடங்கியிருந்தது. மகன் குனிந்து அதைச் சரி செய்தான். அவள் தடுக்கவில்லை. இந்த வருடமும் அப்படியே செய்தார்கள். இதுதான் எங்கள் வீட்டு வழக்கம் என்று ஆகிவிட்டது. இதை நான் தொடங்கவில்லை, எந்தக் கட்டுரையிலும் இது இருக்காது.

மகளுக்கு இப்போது பதினொரு வயது. நல்ல பிள்ளை என்று எல்லாரும் சொல்கிறார்கள். அடம் பிடிப்பதில்லை, கடையில் எதையும் கைகாட்டுவதில்லை, பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்கிறாள். பென்சில் தீர்ந்தால்கூடச் சொல்வதில்லை. நானாகப் பார்த்து வாங்கித் தர வேண்டும். அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவள் யாரிடமும் எதையும் கேட்கவில்லை, ஜெபத்தில்கூட. துண்டின் மேல் சொரூபத்தை வைத்துவிட்டு மூன்று பேரும் முழங்கால் போடும்போது, என் மகள் என்னிடம் ஏதாவது ஒன்று, ஒரு மிட்டாயாவது, வேண்டும் என்று கேட்டு அடம் பிடிக்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு வருடமும் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இதுவரைக்கும் கிடைக்கவில்லை.